மைதானத்தில் இருபத்து நான்கு வீடுகள்

தமுக்குச் சத்தம் தெருமுனையில் கேட்டபோது கண்ணம்மாள் குழாயடியில் வரிசையில் நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் இன்னும் மூன்று குடங்கள் இருந்தன. தமுக்கடிப்பவன் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, கத்த ஆரம்பித்தான்.

"பழைய பள்ளிக்கூடத்து எடத்துல முனிசிபாலிட்டி வீடு கட்டப் போகுது சாமியோவ்! மொத்தம் இருபத்தி நாலு வீடு! பட்டறை ஆளு, சுருட்டு ஆளு, வாடகைக்குக் குடியிருக்கிற ஏழை எளியவுக யாரும் மனுப் போடலாம்! ஆச்சேபணை உள்ளவுக ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அதே எடத்துக்கு வந்து சேர்மன்கிட்ட நேருல சொல்லலாம் சாமியோவ்!"

கண்ணம்மாள் குடத்தை அப்படியே போட்டுவிட்டு அவன் பின்னாலேயே நடந்தாள். மேட்டுத் தெருவில் ஒரு தடவை, செட்டித் தெருவில் ஒரு தடவை, அதே சேதியை மறுபடி மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை அவன் திரும்பிப் பார்த்து, "ஏத்தா, நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டான். திரும்பி வந்தபோது குழாயில் தண்ணீர் நின்று போயிருந்தது. அன்றைக்கு அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

எரியோட்டுக்குக் கிழக்கே ஒரு காட்டுக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி அவள் திண்டுக்கல் வந்து மூன்று வருஷம் ஆகிறது. புருஷன் சுருளிவேல் பூட்டுப் பட்டறையில் அரம் பிடிப்பவன். அவர்கள் இருந்தது பதினொரு குடும்பம் இருக்கும் வளவு. ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. அறைக்கும் அறைக்கும் நடுவில் இருந்த மண்சுவர் கூரைவரை எட்டாது. இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். சமைப்பது, குளிப்பது, துணி மாற்றுவது எல்லாம் எட்டடிக்குப் பத்தடி. மூன்று வருஷத்தில் அவள் புருஷனிடம் ரகசியமாகச் சொல்ல நினைத்த எதையும் ரகசியமாகச் சொல்ல முடிந்ததில்லை.

சாயங்காலம் சுருளிவேல் வந்ததும் வராததுமாக அவள் ஆரம்பித்தாள்.

"மாமா, சேதி தெரியுமா?"

"தெரியும். பட்டறையில பூரா அதே பேச்சு. எனக்கு வயிறு எரியுது."

"எதுக்கு எரியணும்? நமக்கு வீடு வரப் போகுது!"

"வீடு வாரது இருக்கட்டும். மைதானம் போகுதே, அதச் சொல்லு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பள்ளிக்கூடம் புதுக் கட்டடத்துக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஓடுகளையும் உத்திரங்களையும் ஏலத்தில் எடுத்துப் போய்விட்டார்கள். முழங்கால் உயரத்துக்குச் சில குட்டிச்சுவர்கள் மட்டும் நின்றன. மீதி ஒன்றரை ஏக்கரில் சுருளிவேலின் சடுகுடுக் குழு தினம் சாயங்காலம் ஆடிக்கொண்டிருந்தது. அவன்தான் தலைவன். போன பொங்கலுக்கு மதுரையிலிருந்து வந்த குழுவை அந்த மண்ணில்தான் தோற்கடித்தார்கள். கேடயம் இந்த எட்டடி அறையில்தான், அரிசிப் பானைக்கு மேலே தொங்கியது.

"ஆட வேற எடமா இல்ல ஊர்ல?"

"எங்க இருக்கு? நீ காட்டு. அந்த மண்ணுல விழுந்தா அடிபடாது. பள்ளிக்கூடம் இருந்த காலத்துலருந்தே, பதினஞ்சு வருஷமா காலால மிதிச்சுப் பொடியாக்கி வச்சிருக்கோம்."

"மண்ணு மெத்துனு இருக்கணும் உங்களுக்கு. நான் இங்க வேத்துப் புழுங்கிச் சாகணும்."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சாயியின் குரல் வந்தது. "ஏ சுருளி, உன் மைதானத்துலயா நாளைக்குத் தொட்டில் கட்டுவ? அவ கேக்குறது நியாயம்தேன்!"

சுருளிவேல் சுவரைப் பார்த்துச் சொன்னான்: "மதினி, நீங்க செத்த நேரம் சும்மா இருங்க."

"சும்மாதேன் இருக்கேன். காதுல விழுதே, நான் என்ன செய்யட்டும்?"

கண்ணம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டான். "இந்தா பாரு," என்றான். "நீ உன் பக்கம் போ. நான் என் பக்கம் போறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள அதப் பத்திப் பேச்சே கூடாது. சோத்துக்கு மட்டும் சமாதானம்."

"சரி," என்றாள் கண்ணம்மாள். "சோத்துக்கு மட்டும்."

அடுத்த நாலு நாளும் ஊர் இரண்டுபட்டது. கண்ணம்மாளுக்கு எழுதத் தெரியாது. வளவின் கடைசி அறையில் இருந்த செபாஸ்தியம்மாளுக்குத் தெரியும். சுருட்டுச் சுற்றுகிறவள், அந்தப் பழைய பள்ளிக்கூடத்திலேயே ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். இரண்டு பேரும் பேச்சாயியைக் கூட்டிக்கொண்டு வளவு வளவாகப் போனார்கள். வீடு வேண்டும் என்று எழுதிய தாளில் பெண்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு கைநாட்டு வைத்தார்கள். இரண்டாம் நாளே மை தீர்ந்துபோய், அடுப்புக் கரியை எண்ணெயில் குழைத்து வைத்துக்கொண்டார்கள்.

எதிர்ப்பக்கம் சுருளிவேலின் ஆட்கள் ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்கினார்கள். அவர்களுக்கு ஒரு பெரிய துணையும் கிடைத்தது. மைதானத்துக்கு நேர் எதிரே மாடி வீட்டில் இருந்த புகையிலை வியாபாரி மொக்கைச்சாமி அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காப்பி கொடுத்து, "தம்பிகளா, பிள்ளைக படிச்ச எடம்டா அது. அங்க அடுப்பு மூட்ட விடலாமா? நான் இருக்கேன் உங்களுக்கு" என்றார். குழுவுக்கு ஏழு புதுப் பனியன்களும் எடுத்துக் கொடுத்தார். நல்ல சிவப்பு. சடையாண்டி என்ற ஆட்டக்காரன் அன்றிலிருந்து அந்தப் பனியனைக் கழற்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை கண்ணம்மாள் தனியாக முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போனாள். வீடு எப்படி இருக்கும் என்று யாரைக் கேட்டாலும் யாருக்கும் தெரியவில்லை. அதனால் நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். ஓவர்சியர் ஞானராஜ் பெரிய நீலத்தாள் ஒன்றை மேஜையில் விரித்து வைத்திருந்தார். ஒரு பெண் வந்து வீட்டுப் படத்தைக் காட்டச் சொல்வது அவருக்குப் புதுசு. கையால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

"இது ஒரு வரிசை. இது ஒரு வரிசை. இப்பிடி நாலு பக்கமும் ஆறாறு வீடு. இது அறை, இது சமையல்கட்டு, பின்னால இது குளிக்கிற எடம்."

"சமையலுக்குன்னு தனியாவா?"

"தனியாத்தான்."

கண்ணம்மாள் அந்தச் சின்னக் கட்டத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். பிறகு அவள் பார்வை தாளின் நடுவுக்குப் போனது. "இந்த வட்டம் என்னங்கய்யா?"

"பூங்கா. நடுவுல நீரூற்று."

"குடிக்கிறதுக்கே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தேன் தண்ணி வருது. ஊத்துக்கு எங்கிட்டு இருந்து வரும்?"

ஞானராஜ் சிரித்தார். "விதிப்படி கொஞ்சம் எடம் காலியா விடணும்மா. காலியா விட்டா என்ன செய்யிறது? பூங்கான்னு போட்டாச்சு."

"பூங்காத்தேன் போடணும்னு விதியா?"

"இல்ல. காலியா இருந்தாப் போதும்."

அவள் அந்த வட்டத்தை விரலால் சுற்றிக் காட்டினாள். "அய்யா, நாப்பதடிக்கு முப்பதடி அதுக்குள்ள அடங்குமா?"

"எதுக்கு?"

"சும்மா பாத்துச் சொல்லுங்களேன்."

அவர் அளவுகோலை எடுத்து வைத்தார். வட்டம் ஐம்பதடி குறுக்களவு. பென்சிலால் உள்ளே ஒரு நீள்சதுரம் போட்டார். நான்கு மூலையும் வட்டத்தின் கோட்டில் போய் மிகச் சரியாக உட்கார்ந்தன. "அட!" என்றார். "அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே! என்னம்மா இது?"

"சடுகுடுக் களம்," என்றாள் கண்ணம்மாள்.

ஞானராஜ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். பிறகு சொன்னார்: "நான் மாத்த முடியாது. ஆனா கூட்டத்துல நீ கேளு. சேர்மன் சரின்னு சொன்னா மறுநாளே படத்த மாத்திடுவேன்."

அவள் பட்டறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அங்கே சுருளிவேல் இல்லை. மொக்கைச்சாமி வீட்டு வாசலில் சிவப்புப் பனியனோடு நின்று, "மைதானம் எங்களுக்கே!" என்று குழுவோடு கோஷம் பழகிக்கொண்டிருந்தான். கண்ணம்மாளைப் பார்த்ததும் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான். அவளுக்கு ஆத்திரம் வந்தது. இருந்தாலும் சாயங்காலம் சோறு போடும்போது, "மாமா, ஒரு விசயம்..." என்று தொடங்கினாள்.

"சோத்துக்கு மட்டும்னுதானே பேச்சு?"

"அதில்ல, அந்த எடத்துல..."

"பாத்தியா, பாத்தியா? ஞாயித்துக்கிழமை பேசு."

"அப்பச் சரி. ஞாயித்துக்கிழமையே பேசுறேன்," என்று சொல்லி வெஞ்சனத்தை அவன் தட்டில் கொஞ்சம் அதிகமாகவே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆடிக் காற்று மலைக்கோட்டையைச் சுற்றிக்கொண்டு மைதானத்தில் புகுந்து விளாசியது. மூன்று மணிக்கே கூட்டம் நிறைந்துவிட்டது. குட்டிச்சுவர்கள் மேல் ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கடலை விற்பவன் ஒரு பக்கம், ஐஸ் விற்பவன் ஒரு பக்கம். வளவுப் பெண்கள் ஒரே கும்பலாக வந்து வேப்பமரத்தடியைப் பிடித்துக்கொண்டார்கள். சேர்மனுக்கு ஒரு மேஜை, நாற்காலி. மேஜைத் துணி இரண்டு தடவை பறந்துபோய் இரண்டு தடவையும் திரும்பி வந்தது.

முதலில் பேசக் கூப்பிட்டது சுருளிவேலைத்தான். அவன் மைக்கை ஆளைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அய்யா, நாங்க காலையில எட்டு மணியிலருந்து அரம் பிடிச்சு ராவுறவுக. இரும்புத் தூள் மூக்குல ஏறி, சாயங்காலம் துப்புனா கறுப்பாத்தேன் வரும். இந்த மைதானத்துல வந்து ஒரு மூச்சுப் பிடிச்சுப் பாடுனாத்தேன் நெஞ்சு சுத்தமாகும். இது எங்களுக்கு விளையாட்டு இல்லங்கய்யா, இதுதேன் மருந்து. இதையும் எடுத்துட்டா நாங்க எங்க போவோம்?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. கண்ணம்மாளுக்கே கண் கலங்கியது. இவ்வளவு நன்றாகப் பேசுவான் என்று அவளுக்குத் தெரியாது. "உன் ஆளு நம்மளத் தோக்கடிச்சிருவான் போலிருக்கேடி," என்று பேச்சாயி அவளை இடித்தாள்.

அடுத்து மொக்கைச்சாமி எழுந்தார். பிள்ளைகள் படித்த இடம், சரஸ்வதி குடியிருந்த இடம் என்று நெடுநேரம் பேசினார். சேர்மன் குறுக்கிட்டு, "அப்ப மைதானமாவே விட்டுடலாம்னு சொல்றீங்க, அப்படித்தானே?" என்று கேட்டார்.

"மைதானம்னா சும்மாவா போட்டு வைக்கிறது?" என்றார் மொக்கைச்சாமி. "பயலுக ஆட ஒரு ஓரம் போதும். மத்த எடத்தக் குத்தகைக்கு விட்டா முனிசிபாலிட்டிக்கும் வருமானம். அடுத்தவுக எதுக்கு, நானே எடுத்துக்கறேன். புகையிலை மூட்டை அடுக்க ஒரு கிட்டங்கி போட்டுக்கிட்டா..."

வாய் தவறிவிட்டது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. கூட்டத்தில் ஒரே கூச்சல். சுருளிவேலின் முகம் பனியனைவிடச் சிவந்தது. "இதுக்குத்தேன் காப்பியா?" என்று கேட்டான். சடையாண்டி பனியனைத் தலைவழியாக உருவி, மடித்து, மொக்கைச்சாமியின் மடியில் கொண்டுபோய் வைத்தான். மற்ற ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக அதையே செய்தார்கள். பெண்கள் பக்கம் சிரிப்புத் தாங்கவில்லை.

"அடுத்து யாரு?" என்று சேர்மன் கத்தினார்.

கண்ணம்மாள் போனாள். அவள் மைக்கைத் தொட்டதும் அது கீச்சென்று ஒரு சத்தம் போட்டு அடங்கிவிட்டது. மைக்செட் ஆள் வந்து முறுக்கிப் பார்த்தான்; உயிர் வரவில்லை. அதைப் பற்றி அவளுக்கு ஒன்றுமில்லை. கம்பங்காட்டில் பரண்மேல் நின்று குருவி விரட்டி வளர்ந்தவள். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு வாயைத் திறந்தாள். வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன.

"அய்யா, முன்னால பேசுனது என் வீட்டுக்காரர். அவரு சொன்னது ஒவ்வொண்ணும் நெசம். அவருக்கு மைதானம் வேணும். எனக்கு வீடு வேணும். எங்க வளவுல ஒரு பிள்ள இருமுனா பதினோரு வீடும் முழிச்சுக்கும். ரெண்டுல ஒண்ணுதேன் கெடைக்கும்னு எங்கள மோத விட்டிருக்கீங்க. ஓவர்சியரய்யா படத்துல நடுவுல ஒரு வட்டம் இருக்கு. அதுல பூங்கா வேணாம், ஊத்து வேணாம். அதச் சடுகுடுக் களமாப் போட்டுக் குடுங்க. அளவு சரியா இருக்கு. நான் பாத்துட்டுத்தேன் வந்திருக்கேன்!"

சேர்மன் ஞானராஜைத் திரும்பிப் பார்த்தார். ஞானராஜ் தலையை ஆட்டினார். சுருளிவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"இத என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன். சோத்துக்கு மட்டும்னீங்க!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் அவன் விடவில்லை. "நாலு பக்கமும் வீட்ட வச்சுக்கிட்டு எப்பிடி ஆடுறது? பிடிச்சு இழுத்தா உருண்டு வெளிய போவோம். சுவத்துல மோதுனா மண்டை ஒடையும்."

"ஆடித்தேன் பாருங்களேன்."

ஞானராஜ் சங்கிலி கொண்டுவரச் சொல்லி இடத்தை அளந்தார். சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார்கள். காற்று அடுத்த நிமிஷமே அதைத் தூக்கி எல்லோர் தலையிலும் போட்டது. மறுபடி போட்டார்கள், மறுபடி பறந்தது. பேச்சாயிக்குப் பொறுக்கவில்லை. "என்னத்தக் கோடு? ஏய், வாங்கடி எல்லாரும்! நாமளே சுவரா நிப்போம்!"

பெண்கள் ஓடினார்கள். ஞானராஜ் முளை அடித்துக் காட்டிய இடங்களில் கைகோத்து நின்றார்கள். நாலு பேர் ஒரு வீடு. ஆள் போதாத இடத்தில் கடலைக்காரனையும் இழுத்து நிறுத்தினார்கள். சற்று நேரத்தில் இருபத்து நான்கு வீடுகள் சேலையும் வேட்டியும் காற்றில் படபடக்க மைதானத்தில் எழும்பிவிட்டன. "இது என் வீடு!" "ஏ, அது சன்னல்டி, அடைச்சுக்கிட்டு நிக்காத!" என்று ஒரே களேபரம். நடுவில் காலியாக ஒரு களம்.

சுருளிவேல் வேட்டியை மடித்துக் கட்டினான். நடுக்கோட்டைக் காலால் கீறினான். குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சடுகுடு சடுகுடு சடுகுடு" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு புகுந்தான். ஒருவனைத் தொட்டான். இன்னொருவனை உதைத்துத் திரும்பினான். சடையாண்டி பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்தான். இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். நாலு பேரும் ஒரே மூட்டையாக உருண்டு கோட்டைத் தாண்டி, வாசலைத் தாண்டி, நேரே செபாஸ்தியம்மாளின் வீட்டுக்குள் போய் விழுந்தார்கள்.

"ஏலே! அடுப்ப மிதிச்சுட்டீங்களேடா! குழம்பு போச்சு!" என்று அவள் கத்தினாள்.

சேர்மன் நாற்காலிமேல் ஏறி நின்று சிரித்துக்கொண்டிருந்தார். சுருளிவேல் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். எங்கிருந்து உருண்டோம் என்று திரும்பிப் பார்த்தான். அடியெடுத்து எண்ணினான். பிறகு ஞானராஜிடம் போய், "அய்யா, சுத்தி இன்னும் எட்டடி விட்டீங்கன்னா தாராளமா ஆடலாம்," என்றான். கண்ணம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எட்டடிக்கு எங்கே போவது? ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் விட்டிருந்த தோட்டத்தைக் குறைத்தால் வரும் என்றார் ஞானராஜ். அதற்குப் பெண்களுக்குள்ளேயே சண்டை வந்தது. முருங்கை வைக்க இடம் வேண்டும் என்று பேச்சாயி ஒற்றைக் காலில் நின்றாள். "மரம் ஒரு கையளவு எடத்துல வளரும் மதினி, மனுசன் வளர மாட்டான்," என்று கண்ணம்மாள் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். கடைசியில் ஒரு வீட்டுக்கு ஒரு முருங்கைக்கு மட்டும் இடம் என்று முடிவானது.

"வீடும் களமும் சேத்து வேணும்ங்கிறவங்க கை தூக்குங்க," என்றார் சேர்மன். சுவராக நின்றவர்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். பட்டறை ஆட்கள் தூக்கினார்கள். சுருளிவேல் இரண்டு கையையும் தூக்கினான். "ஒரு ஆளுக்கு ஒரு கைதான்ப்பா!" என்று சேர்மன் சொல்ல, "இது அவ கை" என்று ஒன்றை ஆட்டிக் காட்டினான். மொக்கைச்சாமியின் நாற்காலி காலியாக இருந்தது. எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

சுவர்கள் எழும்ப ஒன்றரை வருஷம் ஆயிற்று. மனுக்கள் இருநூறுக்கு மேல் வந்திருந்ததால், குலுக்கல் என்று சொல்லிவிட்டார்கள். குலுக்கல் நடந்த அன்றைக்குச் சுருளிவேலுக்கு வத்தலக்குண்டில் ஆட்டம். "விழுந்தா விழட்டும், விழாட்டி விடு. அழுகாத," என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

கண்ணம்மாள் முனிசிபாலிட்டி ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்றாள். ஒவ்வொரு சீட்டாக எடுத்து வாசித்தார்கள். பேச்சாயிக்கு ஐந்தாவது சீட்டிலேயே வந்துவிட்டது, அவள் குலவையிட்டாள். பத்து, பதினைந்து, இருபது ஆயிற்று. செபாஸ்தியம்மாளுக்கு வரவில்லை, அவள் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டாவது சீட்டில், "சுருளிவேல், பூட்டுத் தொழிலாளி" என்று கேட்டது. கண்ணம்மாள் நகரவில்லை. செபாஸ்தியம்மாள்தான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏய், உன் ஆளுடி! வீட்டு நம்பர் எட்டு! போ, போய்ச் சொல்லு!"

"அக்கா, உங்களுக்கு..."

"எனக்கு அடுத்த தடவ. ரயிலடிப் பக்கம் இன்னும் கட்டப் போறாகளாம். அதுக்கும் நீதேன் கத்தணும். இப்பப் போடி!"

வத்தலக்குண்டு பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. இறங்கி, வழி கேட்டு, ஓடினாள். ஊர்ப் பொதுவிடத்தில் கூட்டம் வட்டமாக நெருக்கி நின்றது. ஆட்டம் முடியப் போகிற நேரம்; இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. சுருளிவேல் எதிராளி களத்தின் கடைக்கோடியில் இருந்தான். "சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டே ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான்.

கண்ணம்மாளால் அடக்க முடியவில்லை.

"மாமா! எட்டாம் நம்பர்! நமக்குத்தேன்! எட்டாம் நம்பர்!"

பாட்டு நின்றது. அவன் களத்தின் நடுவில் அப்படியே நின்று, "என்னது?" என்று கேட்டான். அவ்வளவுதான், ஐந்து பேர் அவன்மேல் விழுந்தார்கள். விசில் சத்தம் கேட்டது. ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

திரும்பி வருகிற பஸ் முழுக்கச் சடையாண்டி புலம்பிக்கொண்டே வந்தான். "மதினி, ரெண்டே நிமிசம் பொறுத்திருக்கக் கூடாதா? கேடயம் கையில வந்திருக்கும்." கண்ணம்மாள் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். கேட்ட கையோடு, பால் காய்ச்சுகிற அன்றைக்குக் குழு முழுக்க வந்து விடிய விடியச் சாப்பிட வேண்டும் என்றும் சொன்னாள். சுருளிவேல் எதையும் காதில் வாங்கவில்லை. முழங்கையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சமையல்கட்டு எந்தப் பக்கம், கதவு எந்தப் பக்கம், கதவுக்குத் தன் கையாலேயே எப்படிப்பட்ட பூட்டுச் செய்து போடுவது என்று அவளிடம் உரக்கக் கேட்டுக்கொண்டே வந்தான்.